'டொம்'னு சத்தம் வருதா? உங்க ஹோம் தியேட்டரை ஆன், ஆஃப் பண்ற வரிசையைக் கொஞ்சம் மாத்துங்க!

ராத்திரி பத்தரை மணி. ஓ.டி.டி-யில் படம் க்ளைமாக்ஸை நெருங்கிட்டு இருக்கு. பொசுக்குனு கரன்ட் போச்சு. 'வந்துடும்'னு எல்லாரும் இருட்டுலயே உட்கார்ந்திருக்கோம். வந்துச்சு. வந்த வேகத்துல மறுபடி போச்சு. திரும்ப வந்துச்சு. ஒவ்வொரு தடவை வரும்போதும் ஹால் மூலையில் இருந்த ஊஃபர் பெட்டியிலிருந்து 'டொம்'னு ஒரு சத்தம். நாலாவது தடவை அந்த 'டொம்'முக்கு அப்புறம் 'ங்ங்ங்'னு ஒரு ரீங்காரம், கூடவே லேசா பொசுங்குற வாசனை. அவ்வளவுதான், ஊஃபர் காலி.

அது அப்பா 2009 தீபாவளி போனஸ்ல வாங்கினது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு, போர்டு தனியா, டிரான்ஸ்ஃபார்மர் தனியா, ஸ்பீக்கர் தனியா பொறுக்கி எடுத்து, ஊர்ல ஒரு மெக்கானிக்கிட்ட கொடுத்து அசெம்பிள் பண்ண 5.1 செட். வீட்டுல டிவி மூணு தடவை மாறியிருக்கு. அந்த செட் மட்டும் மாறலை. 'புதுசா ஒரு சவுண்ட்பார் வாங்கிடலாம்பா'னு நான் சொன்னப்போ, அப்பா பதிலே சொல்லலை. மறுநாள் காலையில் செட்டைத் துணியில் சுத்தி, வண்டியில் வெச்சுக் கட்டிட்டு இருந்தார்.

நாங்க போனது மைக்செட் கடைக்கு. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம்னு இருபத்தஞ்சு வருஷமா சவுண்ட் சர்வீஸ் பண்ற அண்ணன் அவர். ஆம்ப்ளிஃபையரைத் திறக்கும் முன்னாடியே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஆன் பண்றப்போ 'டொம்'முனு சத்தம் வருமா?"

"வரும்ணே. எப்பவுமே வரும். ஆஃப் பண்ணாலும் வரும்."

"அப்போ எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச், சரியா?"

சரிதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப் எல்லாம் சொருகி, சுவர்ல இருக்குற ஒரே சுவிட்சுல மொத்தத்தையும் போடுவோம், அணைப்போம். உங்க வீட்டுலயும் அநேகமா அப்படித்தான் இருக்கும்.

அந்த 'டொம்' எங்கிருந்து வருது?

அண்ணன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்தார். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அதேதான். பக்கத்தில் கிடந்த வேற ஒரு ஸ்பீக்கரோட ரெண்டு முனையிலயும் ஒயர் வெச்சு பேட்டரியைத் தொட வெச்சார். 'டக்'னு ஸ்பீக்கரோட கூம்பு முன்னால் குதிச்சது. பேட்டரியை எடுக்கும் வரை அங்கேயே நின்னுச்சு. எடுத்ததும் 'டக்'னு பழைய இடத்துக்கு வந்துடுச்சு. ஸ்பீக்கர் உயிரோட இருக்கானு பார்க்க மெக்கானிக்குகள் காலம் காலமா பண்ற டெஸ்ட் இது.

இதுல ஒரு பாடமே இருக்கு. பாட்டுங்கிறது ஸ்பீக்கருக்கு முன்னும் பின்னும் ஆட்டுற மின்சாரமா, அதாவது ஏசி-யா போகுது. கூம்பு ஆடும், காத்து ஆடும், நமக்குக் கேட்கும். பேட்டரியில் இருந்து வர்றது டிசி. ஒரே பக்கமா தள்ளிப் பிடிச்சுக்கும். சத்தம் கிடையாது, ஆனா மின்சாரம் ஓடிட்டே இருக்கும். அந்த மின்சாரம் முழுக்க உள்ளே இருக்குற வாய்ஸ் காயிலைச் சூடாக்குறதுக்கு மட்டும்தான் பயன்படும்.

"இது ஒன்றரை வோல்ட். உங்க ஆம்ப் உள்ள எவ்வளவு டிசி இருக்கு தெரியுமா?" என்றார். நடுத்தர சைஸ் ஆம்ப்ளிஃபையர்களில் பவர் சப்ளை 30, 40 வோல்ட் இருப்பது சாதாரணம். ஒரு 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தா சுமார் 6 ஓம் காட்டும். அதுல 30 வோல்ட் டிசி நேரா பாய்ஞ்சா 5 ஆம்பியர், 150 வாட். முடியை விடக் கொஞ்சம் தடிமனான செம்புக் கம்பியில் 150 வாட் சூடு! எங்க ஊஃபருக்கு நடந்தது இதுதான். கரன்ட் திரும்பத் திரும்பப் போய் வந்ததுல ஆம்பின் அவுட்புட் பகுதி ஷார்ட் ஆகிடுச்சு. உள்ளே இருந்த டிசி தடுப்பாரில்லாம ஸ்பீக்கருக்குப் போயிடுச்சு.

தினமும் கேட்கும் அந்தச் சின்ன 'டொம்' இதோட குட்டித் தம்பி. எந்த எலெக்ட்ரானிக் கருவியும் கரன்ட் வந்த அடுத்த நொடியே நிதானத்துக்கு வந்துடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகணும், ஐசி-கள் தங்களுக்கான வோல்டேஜில் போய் உட்காரணும். அதுவரைக்கும் அதோட அவுட்புட் ஒயரில் வோல்டேஜ் ஏறி இறங்கித் தடுமாறும். டிவியோ செட்டாப் பாக்ஸோ அப்படி அரை வோல்ட் தடுமாறுதுனு வெச்சுக்குவோம். அது தனியா நடந்தா யாருக்கும் தெரியாது. ஆனா அந்த நேரத்துல ஆம்ப் ஆன்ல இருந்தா? அதோட வேலையே எது வந்தாலும் இருபது, முப்பது மடங்கு பெருக்கி அனுப்புறதுதான். அரை வோல்ட் தடுமாற்றம் ஸ்பீக்கருக்குப் போகும்போது 10 வோல்ட்டைத் தாண்டிடும். வேண்டாத விருந்தாளியையும் மேளதாளத்தோட வரவேற்கிற ஆள் அது.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். ஒரே ஒரு 'டொம்'முல நல்ல ஸ்பீக்கர் செத்துடாது. யூடியூப்ல பயமுறுத்துற அளவுக்கு எல்லாம் இல்லை. ஆனா தினம் ரெண்டு தடவைனு வருஷக்கணக்கா நடக்கும்போது, அதுவும் வால்யூமைக் கூட்டி வெச்சுட்டு நடக்கும்போது, கூம்பைத் தாங்கிப் பிடிக்கிற பாகங்களுக்கும் மெல்லிய கம்பி சுத்தின ட்வீட்டருக்கும் அது நல்லதே இல்லை.

தலைவர் ஃபார்முலா

சரி, என்ன வரிசை? அண்ணன் சொன்ன விளக்கத்தை என்னால் இனிமேல் மறக்கவே முடியாது.

"கட்சிக் கூட்டம் பார்த்திருக்கீங்கல்ல? தலைவர் எப்போ வருவாரு? எல்லாரும் வந்து உட்கார்ந்த அப்புறம் கடைசியா. கிளம்பும்போது? அவர்தான் முதல்ல. உங்க ஆம்ப்தான் தலைவர்."

ஆன் பண்ணும்போது டிவி, செட்டாப் பாக்ஸ், லேப்டாப், கேம் கன்சோல்னு பாட்டைக் கொடுக்கிற கருவிகள் முதலில். அஞ்சு, பத்து செகண்ட் அதுங்க நிதானத்துக்கு வரட்டும். நடுவில் மிக்ஸரோ ஈக்வலைஸரோ இருந்தா அது அடுத்தது. ஆம்ப் கடைசி. ஆஃப் பண்ணும்போது அப்படியே தலைகீழ்: முதலில் ஆம்ப், அப்புறம் நடுவில் இருப்பது, கடைசியில் டிவி, மத்தது எல்லாம்.

ஆஃப் பண்றதுல பலபேர் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. ஆம்ப் சுவிட்சை அணைச்ச அப்புறமும் சில செகண்ட் பாட்டு ஓடிட்டே இருந்து, மெல்லத் தேயுறதைக் கவனிச்சிருக்கீங்களா? உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் தேக்கி வெச்ச மின்சாரத்தில் அது ஓடுது. அதாவது சுவிட்ச் அணைஞ்சாலும் ஆம்ப் இன்னும் தூங்கலை. அதனால ஆம்பை அணைச்ச உடனேயே டிவியை அணைச்சா, வரிசையைச் சரியா கடைப்பிடிச்சும் 'டொம்' வரும். பத்து செகண்ட் விடுங்க.

பெரிய ஆடிட்டோரியம், ஸ்டூடியோவில் எல்லாம் இதுக்குனே பவர் சீக்வென்சர்னு ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க. ஒரு பட்டனைத் தட்டினா, ஒவ்வொரு கருவிக்கும் சில செகண்ட் இடைவெளி விட்டு வரிசையா கரன்ட் கொடுக்கும். அணைக்கும்போது தலைகீழா அணைக்கும். வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம். ரெண்டு சுவிட்ச் போதும். ஆம்புக்கு மட்டும் தனி சுவிட்ச் இருக்குற மாதிரி பார்த்துக்கோங்க.

இதோட வால்யூமையும் சேர்த்துக்கோங்க. அணைக்கும் முன்னாடி குறைச்சு வைங்க. நேத்து ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட 70-ல் வெச்சு ஆட்டம் போட்டுட்டு அப்படியே அணைச்சா, காலையில் சுப்ரபாதம் போட வர்ற பாட்டிக்கு அது ஹார்ட் அட்டாக் ரகம். பல ரிசீவர்களோட மெனுவில் 'ஆன் ஆகும்போது எந்த வால்யூம்', 'அதிகபட்ச வால்யூம்' எவ்வளவுனு ரெண்டு செட்டிங் இருக்கும். ஒரு தடவை போட்டு வெச்சா நிம்மதி.

'டிக்' சத்தம் நல்ல சத்தம்

கம்பெனி ரிசீவர், நல்ல ஆம்ப் வெச்சிருக்கிறவங்க 'எங்க வீட்டுல டொம் எல்லாம் வராதே'னு நினைக்கலாம். உங்களுக்கு வேற ஒரு சத்தம் வரும். ஆன் பண்ணி சில செகண்ட் கழிச்சு உள்ளே இருந்து 'டிக்'னு. அது ரிலே. கரன்ட் வந்த உடனே ஆம்ப் ஸ்பீக்கரோட இணையாது. உள்ளே எல்லாம் நிலைக்கு வந்துச்சா, அவுட்புட்ல டிசி எதுவும் இல்லையானு ஒரு சர்க்யூட் பார்த்துட்டு, அப்புறம்தான் ரிலேயை மூடி ஸ்பீக்கரைச் சேர்க்கும். நடுவில் டிசி வந்தா உடனே துண்டிச்சுடும். எங்க அசெம்பிள் செட்ல இல்லாதது இந்த ஒரு பொருள்தான். விலை சில நூறு ரூபாய்.

ரிலே இருக்கும் ஆம்பிலும் சுவர் சுவிட்சை 'படார்'னு அணைக்காதீங்க. ரிமோட்டில் ஸ்டாண்ட்பை போட்டு, 'டிக்' கேட்ட அப்புறம் சுவிட்ச். அப்பதான் அது தன் செட்டிங்கை எல்லாம் சேமிச்சுட்டு ஒழுங்கா தூங்கப் போகும். சவுண்ட்பாரோ ரிசீவரோ சாஃப்ட்வேர் அப்டேட் ஆகிட்டு இருக்கும்போது சுவிட்சில் கையே வைக்காதீங்க. பாதியில் நின்ன அப்டேட், நல்லா இருந்த பெட்டியைச் செங்கல்லாக்கிடும்.

'தினமும் சுவர் சுவிட்சை அணைக்கணுமா?' எங்க வீட்டுல இது பெரிய பஞ்சாயத்து. பாட்டிக்குச் சிவப்பு லைட் எரிஞ்சாலே தூக்கம் வராது. அவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. இன்றைய கருவிகள் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட், அதுக்கும் கீழேனு ரொம்பக் கம்மியாதான் இழுக்கும். ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினாலும் 9 யூனிட்கூட வராது. ஆனா ஸ்டாண்ட்பை போடாம, பாட்டு மட்டும் நிறுத்திட்டு ஆம்பை ஆன்லயே விடுறது வேற கதை. சும்மா இருக்கும்போதே ஒரு ரிசீவர் 40 வாட் இழுக்குதுனு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு யூனிட். ரெண்டு மாசத்துக்கு 57 யூனிட்டுக்கு மேல. நமக்குக் கிடைக்கிற 100 இலவச யூனிட்ல பாதிக்கு மேல யாரும் கேட்காத பாட்டுக்குப் போயிடும். தினமும் ஸ்டாண்ட்பை போதும். ஊருக்குப் போறீங்கன்னா பிளக்கையே கழட்டிடுங்க.

கரன்ட் போய் வரும்போதுதான் உண்மையான ஆபத்து

வரிசை எல்லாம் நம்ம கையில் சுவிட்ச் இருக்கும் வரைதான். கரன்ட் போய்த் திரும்பும்போது எல்லா கருவியும் ஒரே நொடியில் எழும். அதுவும் தெருவுல இருக்குற அத்தனை ஃப்ரிட்ஜ், மோட்டார், ஏசி-யும் சேர்ந்து எழும் நேரம். முதல் சில நொடிகளுக்கு வோல்டேஜ் தாறுமாறா இருக்கலாம்.

அதனால கரன்ட் போன உடனே, மொபைல் டார்ச்சை ஆன் பண்ணிட்டு செய்ய வேண்டிய முதல் வேலை, ஆம்பின் சுவிட்சை அணைக்கிறது. கரன்ட் வந்து ரெண்டு, மூணு நிமிஷம் விளக்கு நிலையா எரியுதானு பார்த்துட்டு, பழைய வரிசைப்படி ஆன் பண்ணுங்க. அன்னிக்கு ராத்திரி நாங்க இதைச் செஞ்சிருந்தா, இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

போய்ப் போய் வர்ற கரன்ட் ஏன் இவ்வளவு மோசம்? ஆம்ப் ஆன் ஆகும் நொடியில் காலி கெப்பாசிட்டர்களும் டிரான்ஸ்ஃபார்மரும் வழக்கத்தை விடப் பலமடங்கு மின்சாரத்தை ஒரே மடக்கில் குடிக்கும். இன்ரஷ்னு சொல்வாங்க. பிளக் சொருகும்போது சில சமயம் பொறி பறக்குதே, அது இதனாலதான். இதைக் கட்டுப்படுத்த பல கருவிகளில் தெர்மிஸ்டர்னு ஒரு சின்ன வில்லை இருக்கும். குளிர்ச்சியா இருக்கும்போது அது மின்சாரத்தைத் தடுக்கும், சூடானதும் வழிவிடும். அணைச்ச உடனே மறுபடி போட்டா அது இன்னும் சூடாதான் இருக்கும், தடுக்காது. அதனால ஆம்ப் ஹேங் ஆகிடுச்சுன்னு டக்டக்குனு ஆஃப்-ஆன் பண்றவங்க, நடுவுல குறைஞ்சது அரை நிமிஷம் விடுங்க.

இதை விடக் கொடுமையானது நியூட்ரல் கட். தெருவுக்கு வர்ற லைனில் மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நமக்குத் தேவையான 230 வோல்ட். ரெண்டு ஃபேஸுக்கு நடுவில் சுமார் 400. நியூட்ரல் அறுந்துட்டா, யார் வீட்டில் எவ்வளவு லோடு ஓடுதுங்கிறதைப் பொறுத்து சில வீட்டுக்கு 100 வோல்ட் வரும், சில வீட்டுக்கு 300-ஐத் தாண்டும். ஃபேன் திடீர்னு பேய் மாதிரி சுத்தினா, பல்பு கண்ணைக் கூசுற அளவுக்கு எரிஞ்சா, 'ஆஹா, நல்ல கரன்ட்'னு சந்தோஷப்படாதீங்க. ஓடிப்போய் மெயினை அணைச்சுட்டு, மின்னகத்துக்குப் புகார் சொல்லுங்க.

'நான்தான் ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கேனே'ன்னா, அது என்ன செய்யும்னு தெரிஞ்சுக்கணும். மைக்ரோ நொடிகளில் வந்து போற கூர்மையான வோல்டேஜ் பாய்ச்சலை அது உறிஞ்சிக்கும். நிமிஷக்கணக்கா நிக்கிற 300 வோல்ட்டை அதால தாங்க முடியாது, அதுவே எரிஞ்சுடும். அப்படிப்பட்ட நேரத்துல கை கொடுக்கிறது, வோல்டேஜ் எல்லை மீறினா துண்டிச்சுடுற, ஹை-வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்குற ஸ்டெபிலைசர். அதில் 'டைம் டிலே'யும் இருந்தா, கரன்ட் திரும்பினதும் கொஞ்ச நேரம் பொறுத்துதான் சப்ளை கொடுக்கும். மேல சொன்ன ரெண்டு மூணு நிமிஷக் காத்திருப்பை அதுவே பார்த்துக்கும். ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பாகம் அடிவாங்கி அடிவாங்கித் தேய்ஞ்சும் போகும். 'புரொடெக்ஷன்' லைட் இருக்குற மாடலா பாருங்க. அது அணைஞ்சிருந்தா உங்க கையில் இருக்கிறது சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

இடி மின்னலுக்கு இது எதுவுமே போதாது. சித்திரை வைகாசியில் சாயங்காலம் திடீர்னு கறுத்துக்கிட்டு வரும் பாருங்க, அப்போ சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது. சுவிட்சுக்குள்ள இருக்கிற சில மில்லிமீட்டர் இடைவெளி, கிலோமீட்டர் தாண்டி வந்த மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிளக்கைக் கழட்டணும். கூடவே டிஷ் ஆன்டெனா கேபிளையும், மோடத்துக்கு வர்ற செம்பு ஒயரையும் கழட்டணும். பிளக்கை மட்டும் கழட்டிட்டு டிஷ் கேபிளை மறந்து, அது வழியா டிவியோட எச்.டி.எம்.ஐ போர்ட்டைப் பறிகொடுத்தவங்க நிறைய. மின்னல் ஆரம்பிச்ச அப்புறம் கழட்டப் போகாதீங்க. மேகம் கூடும்போதே பண்ணிடணும்.

கனெக்ஷன் மாத்துறீங்களா? ஆம்பை அணைங்க

ஆம்ப் ஓடிட்டு இருக்கும்போது ஆக்ஸ் ஒயரைப் பிடுங்கி போன்ல சொருகுறது நம்ம தேசியப் பழக்கம். அந்தச் சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ பின்னைப் பாருங்க. சொருகும்போது நடுவில் நீட்டிட்டு இருக்கும் முனை முதலில் தொடும், சுத்தி இருக்கும் கிரவுண்ட் வளையம் அப்புறம்தான் தொடும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஒயர் ஆன்டெனா மாதிரி வீட்டில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை எல்லாம் பிடிச்சு, ஆம்ப் அதை முழு வீச்சில் 'பூம்ம்ம்'னு கத்த விடும். வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்துட்டாவது மாத்துங்க. ப்ளூடூத்ல இந்தத் தொல்லையே இல்லை.

டிவி, செட்டாப் பாக்ஸோட உலோகப் பகுதியைத் தொட்டா சில சமயம் 'சுர்ர்'னு லேசா அடிக்குமே? ரெண்டு பின் பிளக் இருக்கும் கருவிகளில் சின்ன அளவு கசிவு மின்சாரம் அப்படித் தேங்கி நிக்கும். நமக்குச் சுர்ர்னு இருக்கிறது, எச்.டி.எம்.ஐ சிப்புக்கு மரண அடி. அதனால எச்.டி.எம்.ஐ, டிஷ் கேபிள் மாத்தும்போது ரெண்டு பக்கமும் பிளக்கைக் கழட்டிட்டு மாத்துங்க. இணைச்சு முடிச்ச அப்புறம் கரன்ட்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். லேப்டாப்பை ஆம்போட இணைச்சா 'ம்ம்ம்'னு ஒரு ஹம் சத்தம் வரும். ரெண்டு கருவியும் வேற வேற இடத்தில் எர்த் ஆகிறதால வர்றது. இதுக்கு ஃப்ரெண்டுங்க கொடுக்குற ஐடியா: "மச்சான், மூணாவது பின்னை உடைச்சுடு, சத்தம் நின்னுடும்." நிக்கும். கூடவே உங்க உயிருக்கு இருந்த பாதுகாப்பும் போயிடும். மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் தடிமனா, நீளமா இருக்கு? சொருகும்போது முதல்ல எர்த் சேரணும், கழட்டும்போது கடைசியா பிரியணும்னுதான். உள்ளே ஒரு ஒயர் கழண்டு ஆம்போட உலோக உடம்பைத் தொட்டா, அந்தப் பின்தான் கரன்டை மண்ணுக்குத் திருப்பி ஃபியூஸைப் போக வைக்கும். அது இல்லைன்னா, அடுத்து வால்யூம் வைக்க வர்ற கைதான் எர்த். ஹம் போகணும்னா லேப்டாப், ஆம்ப் ரெண்டையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்க. சார்ஜரைக் கழட்டினா ஹம் நின்னுடுதுன்னா, ஆடியோ ஒயருக்கு நடுவில் போடுற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கிக்கலாம்.

இன்வெர்ட்டர் கரன்டில் பாட்டு கேட்கலாமா? சைன் வேவ் இன்வெர்ட்டர்னா, லோடு தாங்கும்னா கேட்கலாம். பழைய ஸ்கொயர் வேவ் வகைன்னா வேண்டாம். ஃபேனே 'கொர்ர்'னு சத்தம் போடுதுல்ல, அதே அவஸ்தைதான் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கும்.

பெட்ரூம் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பாட்காஸ்ட், கவர் சாங்னு வீட்டிலேயே ரெக்கார்ட் பண்றவங்க இப்போ அதிகம். உங்களுக்கு மானிட்டர் ஸ்பீக்கர்தான் தலைவர், ஏன்னா ஆம்ப் அதுக்குள்ளயே இருக்கு. கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ் ரெண்டும் ஆன் ஆகி முடிச்ச அப்புறம் மானிட்டர். முக்கியமா, கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் அனுப்புது. ஃபேன்டம் பவர். அந்தப் பட்டனைத் தட்டும்போதோ, அது ஆன்ல இருக்கும்போதே மைக்கைப் பிடுங்கும்போதோ வர்ற 'டப்' சத்தம் மோசமானது. மானிட்டரை மியூட் பண்ணுங்க, ஹெட்போனைக் காதில் இருந்து எடுத்துடுங்க, அப்புறம் பட்டன். அணைச்ச பிறகும் சில செகண்ட் விட்டு மைக்கைக் கழட்டுங்க.

சவுண்ட்பார் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த வரிசைக் கவலை பெரும்பாலும் இல்லை. டிவியோட எச்.டி.எம்.ஐ-யில் இணைச்சிருந்தா டிவி ரிமோட்டிலேயே ரெண்டும் சேர்ந்து எழுந்து, சேர்ந்து தூங்கும். சிக்னல் சரியா வரும் வரை அது தானாகவே வாயை மூடிட்டு இருக்கும். கரன்ட், மின்னல் விஷயம் மட்டும் உங்களுக்கும் பொது.

அணைச்ச அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஆம்ப் மேல எம்பிராய்டரி துணி போர்த்துற வழக்கம் நம்ம வீடுகளில் இன்னும் இருக்கு. தூசிக்கு நல்லதுதான். ஆனா சூடு ஆறினதும் போர்த்துங்க, போடும்போது மறக்காம எடுங்க. அந்த வெதுவெதுப்பைத் தேடி காத்துத் துவாரம் வழியா பல்லி உள்ளே போயிடும்ங்கிறது இன்னொரு தலைவலி. எங்க ஆம்புக்குள்ளயும் ஒண்ணு காய்ஞ்சு கிடந்துச்சு. "இது உங்க அப்பா கணக்குல இல்லையே"னு அண்ணன் எடுத்துப் போட்டார். நீங்களா திறந்து தேடாதீங்க. பிளக்கைக் கழட்டின அப்புறமும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் வெச்சிருக்கலாம்.

ஒரு வாரத்தில் செட் திரும்பி வந்தது. ஊஃபருக்குப் புதுக் காயில், அவுட்புட்டுக்குப் புது ஐசி, கூடவே ரிலே போட்ட புரொடெக்ஷன் போர்டு. ஆம்புக்குத் தனி சுவிட்ச் அப்பாவே போட்டுட்டார். இப்போ ஆன் பண்ணினா மூணு செகண்ட் ஒண்ணும் கேட்காது. அப்புறம் 'டிக்'.

"ஒருநாள் இந்த 'டிக்' வரலைன்னா, திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. உள்ள ஏதோ தப்புன்னு அது சொல்லுதுன்னு அர்த்தம்" என்று அண்ணன் கிளம்பும்போது சொல்லி அனுப்பினார். அப்படி ஆனா, முதலில் பிளக்கைக் கழட்டிட்டு, ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயர்கள் சொருகி இருக்கும் இடத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. பிரிஞ்ச ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுட்டு இருந்தாலே ரிலே மூடாது. இழையை முறுக்கி ஒழுங்கா சொருகிட்டு, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. அப்பவும் 'டிக்' வரலைன்னா மெக்கானிக்கிட்ட கொண்டு போயிடுங்க.